மாரடைப்பின் பின் மறுவாழ்வு

மாரடைப்பு நேர்ந்தவர் அசைதலும் ஆகாது என்பது ஒரு காலத்து வைத்திய விதி. வாரக்கணக்காகப் படுக்கையே அவர்க்கு உலகம். உணவையும் பிறரே ஊட்டுவர். 1952 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பொஸ்ரன் நகர வைத்தியர்களான சாமுவேல் லெவைன், பேர்னாட் லவுன் ஆகிய இருவரும் அத்தகைய நோயாளரை விரைவிலேயே எழுப்பி நாற்காலியில் அமர்த்தினர். அதனால் தீங்கு விளையவில்லை என்பதையும் எடுத்துரைத்தனர். மறு ஆண்டில் ஜெரி மொறிஸ் என்பார் இலண்டனில் வெளியிட்ட ஆய்வு, இருந்த இடத்திலேயே இருக்கும் பஸ் சாரதிகளைவிட, மாடிப்படிகளில் ஏறியிறங்கும் நடத்துநரிடையே இருதய நோய் குறைவு எனக் காட்டிற்று.

இத்தகைய அறிவு முதிர்ந்து உருவானதே இருதயப் புனர்வாழ்வுச் சிகிச்சை. நாடித்துடிப்பையும் இரத்த அமுக்கத்தையும் பயிற்சி பெற்றோர் கவனித்திருக்க, நோயாளர் சிறிது சிறிதாக நடையையும் அப்பியாசத்தையும் கூட்டுவர். உணவு முறை, மருந்தொழுங்கு, புகைத்தலை ஒழித்தல், மனச்சோர்வை நீக்குதல் என்பனவும் இதன் கூறுகளே. இதனால் நோயாளர் மீண்டும் வைத்தியசாலை சேர்வதும், இருதய நோயால் இறப்பதும் குறைகின்றன.

மருந்து உண்டு, உண்பாரே குறைவு. நடந்தால் நெஞ்சு தாங்காதென்ற அச்சம் சிலரைத் தடுக்கிறது. தூரமும் பயணச் செலவும் தொழிலும் வேறு சிலரைத் தடுக்கின்றன. வீட்டுப் பொறுப்பைச் சுமக்கும் பெண்கள் தம் நலத்தைப் பின்தள்ளிவிடுகின்றனர். ஆயினும், குறையனைத்தும் நோயாளருடையதெனக் கூறுதல் நீதியன்று.

கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் 11 வைத்தியசாலைகளில் நடந்த ஆய்வொன்று 2011 இல் வெளிவந்தது. வைத்தியர் நினைவுகூர்ந்து அனுப்பினாலன்றி அனுப்பப்படாத வழக்கமான முறையில், நூற்றுக்கு ஏறத்தாழ 29 பேரே இச்சிகிச்சையிற் சேர்ந்தனர். தகுதியுடைய அனைவருக்கும் தாமாகவே அனுப்புகைப் பத்திரம் கிடைக்கச் செய்து, ஒருவர் நேரிலும் பேசி விளக்கியபோது அத்தொகை ஏறத்தாழ 73 ஆயிற்று. சிகிச்சை மாறவில்லை, அழைப்பே மாறிற்று.

தூரத்தாலும் தொழிலாலும் தடைப்படுவோர்க்கும் வழியுண்டு. வைத்தியக் குழுவினர் தொலைபேசியிலும் மேற்பார்வை செய்ய, வீட்டிலிருந்தே செய்யும் பயிற்சியும் நிலையத்திற் செய்வதற்கு ஒத்த பயன் தருமென ஆய்வுகள் காட்டியுள்ளன.

ஆதலால், வைத்தியசாலையைவிட்டு நோயாளர் வீடு திரும்பும் நாளிலேயே, "எப்போது நடக்கத் தொடங்கலாம்? எவ்வளவு நடக்கலாம்? யாரிடம் பயிலலாம்?" என உறவினர் வைத்தியரைக் கேட்டறிதல் வேண்டும். வைத்தியர் குறித்த அளவை மீறி நடத்தலும் தவறு. அஞ்சி முடங்கிக் கிடத்தலும் தவறு.