சுவருக்கு கிரீமா, இளஞ்சாம்பலா?

தீபாவளி நெருங்கினால் நம் வீடுகளில் சாயம் பூசும் வேலை தொடங்கிவிடும். கிரீமா, இளஞ்சாம்பலா என்ற குழப்பமும் கூடவே வரும். வண்ண அட்டையில் இரண்டும் அழகுதான். ஆனால், வீட்டின் வெளிச்சத்தைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

சாயம் எவ்வளவு ஒளியைத் திருப்பி அனுப்பும் என்பதை எல்.ஆர்.வி. எண் காட்டும். 0 என்றால் முழுக் கறுப்பு. 100 என்றால் தூய வெள்ளை. கிரீம் வகைகள் பெரும்பாலும் 75க்கு மேல் இருக்கும். இளஞ்சாம்பல் 60ஐ ஒட்டி இருக்கும்.

வரிசை வீடுகளில் இரு பக்கமும் அண்டை வீட்டுச் சுவர் என்பதால், நடு அறைக்கு வெளிச்சம் குறைவு. அங்கே சாம்பல் பூசினால் பகலிலும் விளக்குப் போட நேரிடும், கிரீம்தான் பொருந்தும். மாலை வெயில் நேராக விழும் மேற்குப் பக்க அறையில் கிரீம் மஞ்சளடிக்கும். அங்கே சாம்பல் கண்ணுக்கு இதம்.

விளக்கையும் கவனியுங்கள். 3000 கெல்வின் மஞ்சள் விளக்கில் கிரீம் மேலும் மஞ்சளாகும். 6500 கெல்வின் வெள்ளை விளக்கில் சாம்பல் நீலம் பாய்ந்ததுபோல் தெரியும்.

முதலில் சிறிய டின்களாக வாங்கி, சுவரில் இரண்டடிச் சதுரத்துக்கு இரண்டு பூச்சு அடியுங்கள். நன்றாகக் காய்ந்தபின் காலையிலும் இரவிலும் பாருங்கள். ஒரு நாள் பொறுத்தால், பண்டிகை நேரத்தில் இரண்டாம் முறை சாயம் வாங்கும் செலவு மிஞ்சும்.