கணக்கில் சேராத முதல் அடி

தமிழ்நாடு மின்வாகனக் கொள்கை 2023, பேட்டரி வாகனங்களுக்கு அளித்த முழுச் சாலை வரி விலக்குக்கு 2025 டிசம்பர் 31-ஐக் கெடுவாகக் குறித்தது. 20 லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட கார்களுக்கு மாநிலத்தில் இருபது விழுக்காடு வரி என்பதால், விலையுயர்ந்த மின்சார செடான்களைப் பற்றிக் கேட்டு வரும் வாசகர் கடிதங்கள் கெடு நெருங்க நெருங்கப் பெருகின. 2024 மார்ச்சில் 53 லட்சம் ரூபாய் ஷோரூம் விலையில் அறிமுகமான பிஒய்டி சீல் பெர்ஃபார்மன்ஸ் காருக்கு இந்த விலக்கின் மதிப்பு பத்தரை லட்சத்தைத் தாண்டியது. அவ்வளவு தொகையை அரசு யாருக்காக விட்டுக்கொடுத்தது என்பது தனியே விவாதிக்க வேண்டிய செய்தி.

கடிதங்கள் பலவும் வரியில் தொடங்கி வேகத்தில் வந்து நிற்கின்றன. நின்ற நிலையிலிருந்து மணிக்கு 100 கி.மீ. வேகத்தை 3.8 வினாடியில் எட்டுவதாகச் சொல்லும் சீல், அந்த எண்ணைத் தன் பின்புறத்திலேயே பொறித்துக்கொண்டு வருகிறது. இந்தியாவில் விற்கப்படாத டெஸ்லா மாடல் எஸ் பிளெய்டு 1.99 வினாடி என்கிறது. சீனாவின் ஷாவ்மி எஸ்யு7 அல்ட்ரா 1.98 வினாடி என்கிறது. அப்படியானால் சீல் இவற்றின் பாதி வேகம்தானா என்றும், டிராக் பந்தயக் காணொளிகளில் கார்கள் முந்தும் வரிசை விளம்பர எண்களின் வரிசையோடு ஏன் ஒத்துப்போவதில்லை என்றும் வாசகர்கள் கேட்கின்றனர். இந்த எண்கள் ஒரே அளவுகோலால் அளக்கப்பட்டவை என்ற நம்பிக்கையே குழப்பத்தின் வேர்.

அளவுகோலின் மர்மம் ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்துப் பந்தயக்காரர்களுக்குப் புதிதல்ல. 1953-இல் தொடங்கப்பட்ட மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், சோழவரத்தின் போர்க்கால விமான ஓடுதளத்தில் பல்லாண்டுகள் பந்தயம் நடத்திவிட்டுப் பின்னர் இருங்காட்டுக்கோட்டையில் அமைத்த 3.717 கி.மீ. தடத்தில், தேசிய மோட்டார் சைக்கிள் டிராக் பந்தயங்களும் நடக்கின்றன. பெங்களூருவைச் சேர்ந்த ஹேமந்த் முத்தப்பா அங்கு பலமுறை பட்டம் வென்றவர். டிராக் பந்தயம் என்பது கால் மைல், அதாவது 402 மீட்டர் நேர்கோட்டை நின்ற நிலையிலிருந்து கடப்பது. அதில் கடிகாரம் எந்தக் கணத்தில் ஓடத் தொடங்குகிறது என்பதில்தான் சூட்சுமம் முழுவதும் அடங்கியிருக்கிறது.

தொடக்கக் கோட்டில், தரையிலிருந்து சில சென்டிமீட்டர் உயரத்தில், தடத்துக்குக் குறுக்கே இரண்டு ஒளிக்கற்றைகள் பாய்கின்றன. முன்சக்கரம் முதல் கற்றையை மறைக்கும்போது, கோடு அருகில் வந்துவிட்டது என்று ஒரு விளக்கு எரிந்து காட்டும். இன்னும் ஏறத்தாழ 18 செ.மீ. நகர்ந்து இரண்டாவது கற்றையை மறைத்ததும் வாகனம் புறப்பட ஆயத்தம் என்று பொருள். பச்சை விளக்கு எரிந்து வாகனம் பாய்ந்தாலும், சக்கரம் அந்த இரண்டாவது கற்றையை விட்டு முழுவதுமாக விலகிக் கற்றை மறுபடி எதிர்முனையைத் தொடும் வரை கடிகாரம் அசையாது. 33 செ.மீ. ஆரமுள்ள சக்கரம், 4 செ.மீ. உயரத்தில் ஓடும் கற்றையை ஏறத்தாழ 31 செ.மீ. தூரத்துக்கு மறைத்து நிற்கும் என்பது பள்ளி வடிவியல். அதாவது, கற்றையைச் சக்கரத்தின் முன்விளிம்பு மட்டும் மறைக்கும்படி வாகனத்தை நிறுத்தத் தெரிந்த ஓட்டுநருக்கு ஓரடி தூரம் நேரக் கணக்கில் சேராமல் கிடைக்கிறது. பந்தயக்காரர்கள் இதை ரோல்-அவுட் என்பார்கள். சக்கரம் பெரிதானால் இலவசத் தூரமும் கூடும். கற்றைக்குள் இன்னும் முன்னே ஏற்றி நிறுத்தினால் அது குறையும்.

பந்தயத்தில் இதில் வஞ்சகம் ஏதுமில்லை, ஏனெனில் அடுத்தடுத்த தடங்களில் நிற்கும் இருவருக்கும் விதி ஒன்றே, முதலில் கோட்டைக் கடப்பவரே வெற்றியாளர். டிராக் பந்தயத்தோடு சேர்ந்து வளர்ந்த அமெரிக்கக் கார் இதழ்கள், தங்கள் சோதனை நேரங்கள் பந்தயத் தட நேரங்களோடு ஒப்பிடத்தக்கனவாக இருக்க வேண்டும் என்று இந்த ஓரடியைக் கழித்தே மணிக்கு 60 மைல் எட்டும் நேரத்தை அச்சிடும் வழக்கத்தைக் கொண்டுவந்தன. செயற்கைக்கோள் வழி வேகம் அளக்கும் கையடக்கக் கருவிகளிலும் ஓரடியைக் கழிக்கவோ சேர்க்கவோ ஒரு தெரிவு உண்டு. விளம்பரத்துக்குள் நுழைந்த பிறகுதான் வழக்கம் வினையாகிறது.

கழிபடும் நேரத்தைக் கணக்கிடுவது எளிது. புவியீர்ப்பு முடுக்கத்துக்கு இணையாக, அதாவது 1 ஜி அளவில் பாயும் கார் 30.5 செ.மீ. கடக்கக் கால் வினாடி எடுத்துக்கொள்வதோடு, அதற்குள் மணிக்கு ஏறத்தாழ 9 கி.மீ. வேகத்தையும் எட்டிவிடுகிறது, ஆகவே "நின்ற நிலையிலிருந்து" என்று விளம்பரம் சொல்லும் எண், உண்மையில் உருண்டுகொண்டிருக்கும் காரிலிருந்து தொடங்குகிறது. 0.4 ஜி அளவில் கிளம்பி 100 கி.மீ. எட்டப் பத்து வினாடி எடுக்கும் குடும்பக் காருக்கு இந்தக் கழிவு நான்கு விழுக்காடுதான் என்பதால் யாரும் பொருட்படுத்தவில்லை. இரண்டு வினாடிக் காருக்கோ அது பத்து விழுக்காட்டைத் தாண்டுகிறது. கார்கள் வேகமாக ஆக ஆக, விளம்பர எண்ணில் பொய்யின் பங்கும் கூடிக்கொண்டே போகிறது.

பிளெய்டின் 1.99 வினாடி ஓரடி கழித்த எண் என்பதை டெஸ்லா அடிக்குறிப்பில் ஒப்புக்கொள்கிறது. அதைச் சேர்த்தால் 2.2 வினாடியை ஒட்டி வரும். 60 மைல் என்பது 96.6 கி.மீ. மட்டுமே என்பதால் 100 வரை செல்ல இன்னும் ஏறத்தாழ பத்தில் ஒரு வினாடி கூட்ட வேண்டும், சீலின் 3.8-க்கு எதிரே வைக்க வேண்டியது அந்த 2.3. அடிக்குறிப்பைவிட உறுத்துவது வேறொன்று: அதே பட்டியலில், அதே மாடலின் சாதாரண வடிவத்துக்கு டெஸ்லா தந்த 3.1 வினாடிக்கு அந்தக் கழிவு இல்லை. விலை கூடிய வடிவத்துக்கு மட்டும் தொடக்கக் கோட்டை ஓரடி முன்னே நகர்த்தி வைத்துவிட்டு, இரண்டுக்கும் இடையிலான வித்தியாசத்துக்கு வாடிக்கையாளரிடம் பணம் கேட்பதைப் பொறியியல் என்று சொல்ல முடியாது. ஷாவ்மியின் 1.98-உம் ஓரடி கழித்ததே.

தரையும் இதில் ஒரு தரப்பு. 1.99 வினாடியில் 60 மைல் என்றால் சராசரி முடுக்கம் 1.37 ஜி, சாதாரணத் தார்ச்சாலையில் சாதாரண டயர் அவ்வளவு பிடிப்பைத் தராது என்பதால், பந்தயத் தடங்களில் பிசின் போன்ற ஒட்டுப்பொருளைத் தெளித்துத் தயார் செய்கின்றனர். 2021-இல் மோட்டார் டிரெண்ட் இதழ் அப்படிப்பட்ட தரையில் பிளெய்டுக்கு 1.98 வினாடியும், வழக்கமான தரையில் 2.07 வினாடியும் பதிவுசெய்தது. இரண்டும் ஓரடி கழித்தவை. அதற்கும் முன்பு பேட்டரியின் வெப்பநிலையைச் சீராக்கும் ஆயத்தத்துக்குக் கால் மணி நேரம் வரை காத்திருக்க வேண்டும். சிக்னலில் நிற்பவருக்கு அந்த அவகாசம் வாய்க்காது.

ஒப்பிட விரும்புவோர் வினாடியை விட்டுவிட்டு, 402 மீட்டர் முடியும் இடத்தில் கார் எட்டியிருக்கும் வேகத்தைப் பார்ப்பது மேல். தொடக்கத்து ஓரடியோ ஒட்டும் தரையோ அந்த எண்ணை அதிகம் அசைப்பதில்லை, அது பெரும்பாலும் எடைக்கேற்ற திறனையே காட்டுகிறது. பிளெய்டுக்கு டெஸ்லா சொல்லும் வேகம் மணிக்கு 155 மைல், மற்றொரு மின்சாரக் காரான லூசிட் ஏர் சஃபையருக்கு லூசிட் சொல்வது 158 மைல். 1,020 குதிரைத்திறனும் ஏறத்தாழ 2,160 கிலோ எடையும் கொண்ட பிளெய்டைவிட, 1,234 குதிரைத்திறனோடு 2,400 கிலோவைத் தாண்டும் சஃபையரின் எடைக்கேற்ற திறன் எட்டு விழுக்காடு அளவே கூடுதல்; கடைக்கோட்டு வேகம் அந்த விகிதத்தின் கனமூலத்தை ஒட்டி உயரும் என்ற பழைய சூத்திரப்படி இரண்டரை விழுக்காடு கூட வேண்டும், விளம்பரங்களில் இரண்டு விழுக்காடு கூடியிருக்கிறது. இந்த இடத்தில் நிறுவனங்களின் எண்கள் கணக்கோடு ஒத்துப்போகின்றன என்பதைச் சொல்லத்தான் வேண்டும்.

இத்தகைய விளம்பர எண்களிலிருந்து அரசுச் சான்று காப்பா என்று கேட்டவர்களும் உண்டு. ஒரகடத்தில் இயங்கும் குளோபல் ஆட்டோமோட்டிவ் ரிசர்ச் சென்டர் போன்ற அங்கீகரிக்கப்பட்ட மையங்கள் பாதுகாப்பு, பிரேக், மின்காந்த இடையூறு போன்றவற்றைச் சோதிக்கின்றனவே தவிர, 100 கி.மீ. எட்டும் நேரம் கட்டாயச் சோதனையில் இல்லை. ஏஐஎஸ்-041 என்ற இந்தியத் தரம், மோட்டாரின் உச்சத் திறனோடு, அது அரை மணி நேரம் தொடர்ந்து தரக்கூடிய திறனையும் அளக்கச் சொல்கிறது. பின்னது முன்னதைவிட மிகக் குறைவாக இருக்கும் என்பதாலோ என்னவோ, விளம்பரங்களில் அதற்கு இடமில்லை.

வாசகர்களின் மற்றக் கேள்விகளுக்குச் சுருக்கமான விடைகள் போதும்.

சீலின் 3.8 வினாடி நம்பத்தக்கதா? 2,185 கிலோ எடைக்கு அந்த நேரத்தில் சராசரியாக 222 கிலோவாட் போதும், காரின் உச்சத் திறன் 390 கிலோவாட், நம்பலாம்.

ஸ்ரீபெரும்புதூரில் பிஒய்டிக்கு ஆலை இருப்பதால் சீல் இங்கு தயாராகிறதா? இல்லை, முழுக் காராக இறக்குமதியாகிறது.

580 கி.மீ. ஓடும் என்கிறார்களே? அது பழைய ஐரோப்பிய ஆய்வகச் சுழற்சியின் எண், சாலையில் குறையும்.

வாங்கிய பிறகு திறன் குறைக்கப்படுமா? 2025 மே மாதம் ஷாவ்மி மென்பொருள் வழியே எஸ்யு7 அல்ட்ராவின் 1,548 குதிரைத்திறனைச் சுமார் 900-க்குக் கட்டுப்படுத்தி, உரிமையாளர்கள் கொதித்தெழுந்ததும் பின்வாங்கியது.

வண்டலூர்–வாலாஜாபாத் சாலையில் அதிகாலையில் சோதித்துப் பார்க்கலாமா? மோட்டார் வாகனச் சட்டம், பிரிவு 189: அனுமதியின்றிப் பொதுச்சாலையில் வேகப் போட்டி நடத்துவது சிறைத் தண்டனைக்குரிய குற்றம்.