காதைப் பிடித்துத் தூக்காதே!

வெள்ளை வெளேர் என்று உடம்பு. நீண்ட காது. பஞ்சை உருட்டி ஒட்டியது போல ஒரு வால். சந்தையில் முயல் குட்டியைப் பார்த்துவிட்டால், "அப்பா, வாங்கித் தா!" என்று பிள்ளைகள் அடம் பிடிப்பார்கள். அப்பாவும் வாங்கிக் கொடுத்துவிடுவார்.

பத்தே நாள். ஒரு காலையில் கூண்டுக்குள் முயல் விறைத்துக் கிடக்கும். "நேற்று வரை நன்றாகத்தானே இருந்தது!" என்று வீடே திகைக்கும்.

நேற்றே அது நன்றாக இல்லை. நமக்குத் தெரியவில்லை. அவ்வளவுதான்.

முயல் தன் நோயைக் காட்டிக்கொள்ளாது. நாய் முனகும். பூனை கத்தும். முயல் பெரும்பாலும் வாயே திறக்காது. ஏன் தெரியுமா? காட்டிலே நரியும் கழுகும் அதைத் தேடி அலைகின்றன. சோர்ந்து காணப்படும் முயல்தான் முதலில் இரையாகும். அந்தப் பயம் கூண்டுக்குள் வந்த பிறகும் அதை விடவில்லை.

ஆகவே, முயல் வளர்ப்பவர்கள் தினமும் அதன் தீனியையும் புழுக்கையையும் பார்க்க வேண்டும். அரை நாள் தின்னவில்லை என்றாலோ, புழுக்கை நின்றுவிட்டாலோ உடனே கால்நடை டாக்டரிடம் கொண்டுபோங்கள். "நாளைக்குப் பார்ப்போம்" என்று இருந்தால் நாளைக்கு முயல் இருக்காது.

எப்படித் தூக்குவது?

காது இருப்பது கேட்பதற்கு. தூக்குவதற்கு அல்ல. காதைப் பிடித்துத் தூக்கினால் முயலுக்கு உயிர் போகும் வலி.

ஒரு கையை நெஞ்சுக்கு அடியில் கொடுங்கள். மறு கையால் பின்பக்கத்தைத் தாங்குங்கள். உங்கள் மார்போடு அணைத்துக்கொள்ளுங்கள். பின்கால்கள் அந்தரத்தில் தொங்கக் கூடாது. முயலின் எலும்பு மெல்லியது. பின்காலின் பலமோ அதிகம். பயந்து ஓங்கி உதைத்தால், அதன் முதுகெலும்பு முறிந்துவிடும். பிறகு நடக்கவே நடக்காது.

சின்னக் குழந்தைகள் தூக்கவே வேண்டாம். தரையில் உட்கார்ந்து, பக்கத்தில் வரும்போது தடவிக் கொடுக்கட்டும். மூக்குக்கு நேரே விரலை நீட்டக் கூடாது. முயலின் கண்கள் தலையின் இரு பக்கமும் இருப்பதால் முதுகுப் பக்கம் வருவது கூடத் தெரியும். மூக்கின் நுனிக்கு நேரே இருப்பதுதான் தெரியாது!

பின்காலால் 'டொப்' என்று தரையில் அடித்தால், "ஆபத்து!" என்று பொருள். துள்ளிக் குதித்துக் காற்றிலேயே உடம்பை முறுக்கினால், ஒரே குஷி.

காரட் அல்ல, புல்!

படக்கதையில் முயல் எப்போதும் காரட்டைக் கடித்துக்கொண்டிருக்கும். அதை நம்பாதீர்கள். காரட்டில் இனிப்பு அதிகம். எப்போதாவது ஒரு சிறு துண்டு போதும்.

முயலுக்குச் சாப்பாடு புல்தான். அறுகம்புல், காய்ந்த புல் எப்போதும் கூண்டில் இருக்க வேண்டும். கொத்தமல்லித் தழை, முள்ளங்கிக் கீரை கொஞ்சம் கொடுக்கலாம். பூச்சி மருந்து அடித்த கீரையானால் வேண்டாம். சோறு, ரொட்டி, பிஸ்கட், வெங்காயம், உருளைக்கிழங்கு, சாக்லெட் எதுவும் கூடாது. முயலால் வாந்தி எடுக்க முடியாது. உள்ளே போனது போனதுதான்.

முயலுக்கு 28 பற்கள். அத்தனையும் சாகும் வரை வளர்ந்துகொண்டே இருக்கும்! புல்லை அரைத்து அரைத்துத் தின்றால்தான் பல் தேயும். இல்லாவிட்டால் நீண்டு வளைந்து வாயைக் குத்தும்.

இன்னொன்று. முயல் தன் புழுக்கையையே தின்பதைப் பார்த்து அருவருக்காதீர்கள். முயல் இரண்டு விதமாகப் புழுக்கை போடும். உருண்டையாக, காய்ந்து இருப்பது கழிவு. திராட்சைக் கொத்துப் போல மெத்தென்று இருப்பதில் சத்து இருக்கிறது. மாடு அசை போடுவது போல, முயல் அதை இரண்டாம் முறை தின்கிறது.

வெயில்தான் எமன்

வீட்டு முயலின் மூதாதைகள் ஸ்பெயின், போர்ச்சுகல் பக்கத்துக் காட்டு முயல்கள். மண்ணில் வளை தோண்டி வாழ்ந்தவை. வெயில் ஏறினால் வளைக்குள் போய்விடும். நம் வீட்டுக் கூண்டு முயல் எங்கே போகும்? அதற்கு நம்மைப் போல் வியர்க்காது. உடம்புச் சூட்டைக் காது வழியாகத்தான் தணிக்கிறது. 30 டிகிரிக்கு மேல் போனாலே தவிக்கும். மாடியில், தகரக் கூரைக்கு அடியில் கூண்டு வைப்பது கொலை. நிழலில், காற்றோட்டமாக வையுங்கள். குடிநீர் எப்போதும் இருக்கட்டும். அதற்காகக் குளிப்பாட்டாதீர்கள்! பயத்திலேயே மயங்கிவிடும்.

முயலின் பாதத்தில் நாய்க்கு இருப்பது போல மெத்தை கிடையாது, வெறும் ரோமம்தான். கம்பி வலை மேலேயே நின்றால் புண்ணாகும். பலகையோ கோணியோ போடுங்கள். முயலுக்கு மூன்று கால் என்று சாதிப்பவர் யாராவது வீட்டில் இருந்தால், நகத்தை எண்ணச் சொல்லுங்கள். முன் பாதத்தில் ஐந்தைந்து, பின் பாதத்தில் நான்கு நான்கு. ஆக 18!

நம் ஊர்க் காடுகளில் ஓடும் முயல் வேறு இனம். அதைப் பிடிப்பதும் வளர்ப்பதும் 1972-ம் ஆண்டு வன உயிர் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

ஜோடி வேண்டுமா?

ஆணும் பெண்ணுமாக வாங்குமுன் ஒரு கதையைக் கேளுங்கள். 1859-ம் ஆண்டில் தாமஸ் ஆஸ்டின் என்பவர், வேட்டையாடி மகிழ்வதற்காக ஆஸ்திரேலியாவில் சுமார் இரண்டு டஜன் முயல்களை அவிழ்த்துவிட்டார். அவை பெருகிக் கோடிக்கணக்காகிவிட்டன. பயிர் பச்சை எல்லாம் பாழ். 1907-ல் 1,800 கிலோமீட்டருக்கு மேல் நீளமான வேலி கட்டி முடித்தார்கள். முயல் அதையும் தாண்டிவிட்டது!

பெண் முயலுக்குக் கர்ப்பம் ஒரே மாதம். ஆணையும் பெண்ணையும் தனித்தனியே வையுங்கள். குட்டி வாங்கினால் எட்டு வாரம் தாயோடு இருந்ததா என்று கேட்டு வாங்குங்கள். நன்றாகப் பார்த்துக்கொண்டால் எட்டுப் பத்து வருஷம் இருக்கும். பள்ளிக்கூடத்துப் பையனுக்கு வாங்கிய முயலை, அவன் கல்லூரிக்குப் போகும்போது யார் கவனிப்பது என்று இப்போதே பேசிக்கொள்ளுங்கள்.

முயல் குட்டி போட்டுவிட்டால் பதறாதீர்கள். குட்டிகளுக்கு ரோமம் இருக்காது. கண் திறக்கப் பத்து நாள் ஆகும். தாய் தன் ரோமத்தைப் பிய்த்து மெத்தை போட்டுவிட்டு, தூரப் போய் உட்கார்ந்திருக்கும். "பெற்ற தாய்க்குப் பாசமே இல்லையே!" என்று நீங்கள் பசும்பால் புகட்டக் கூடாது. தாய் முயல் ஒரு நாளில் ஒரு முறை, சில நிமிஷம்தான் பால் கொடுக்கும். அதுவும் பெரும்பாலும் இருட்டில். காலையில் குட்டியின் வயிற்றைப் பாருங்கள். புடைத்திருந்தால், இரவில் அம்மா வந்து போயிருக்கிறாள்.