மெனு ஏன் விரியவில்லை?



வெப்சைட்டின் மேலே 'முகப்பு, படிப்புகள், சேர்க்கை' என்று வரிசையாக இருக்குமே, அதுதான் மெனு. பஸ் ஸ்டாண்டில் ஊர்ப்பெயர் போர்டு மாதிரி. போர்டு சரியில்லைன்னா பஸ்ஸை விட்டுடுவோம். எங்க பெரியம்மா வீட்டில் அப்படித்தான் நடக்கப் பார்த்தது.

அக்கா பிளஸ் டூ முடித்துவிட்டு ஒரு கல்லூரிக்கு விண்ணப்பம் போட உட்கார்ந்தாங்க. வீட்டில் இருப்பது அண்ணனுக்குப் பள்ளியில் கொடுத்த அரசு லேப்டாப். (இலவச லேப்டாப் திட்டம் 2011 செப்டம்பர் 15-ல் தொடங்கியது.) அதில் விண்டோஸ் 7. 'சேர்க்கை' மேல் மவுஸை வைத்தால் 'விண்ணப்பம்' என்ற லிங்க் கீழே விரியணும். விரியவே இல்லை. நெட் கோளாறு என்று ராத்திரி வரை போராடினாங்க. மறுநாள்தான் கடைசி நாள்! பெரியம்மா மக்காச்சோளக் காட்டு வேலையை விட்டுட்டு அக்காவோடு பெரம்பலூர் பிரவுசிங் சென்டருக்கு ஓடினாங்க. அங்கே ஒரு நொடியில் விரிந்தது.

ஏன் இப்படி? கம்ப்யூட்டர் படித்த எங்க மாமா சொன்னதை எழுதுகிறேன்.

மெனு என்பது வெறும் லிங்க் பட்டியல். அதற்கு நிறம், இடைவெளி எல்லாம் கொடுப்பது சி.எஸ்.எஸ். என்ற மொழி. முன்பெல்லாம் 'மெனுவுக்கு இந்த நிறம்', 'மெனுவில் உள்ள லிங்குக்கு இந்த நிறம்', 'மெனுவில் உள்ள லிங்க் மேல் மவுஸ் வந்தால் இந்த நிறம்' என்று ஒவ்வொரு தடவையும் முழுப் பெயரைச் சொல்லி எழுதணும். 2023-ல் சுலப வழி வந்தது. 'மெனு' என்று ஒரு தடவை எழுதிவிட்டு, மற்றதை எல்லாம் அதற்கு உள்ளேயே அடுக்கலாம். டப்பாவுக்குள் டப்பா மாதிரி.

ஆனால் விண்டோஸ் 7-க்கு வந்த கடைசி குரோம் பிரவுசர் 109. இந்தப் புது முறை தெரிந்தது 112-லிருந்துதான். தெரியாத வரி வந்தால் பிரவுசர் நிற்காது, அதை விட்டுட்டு அடுத்ததைப் படிக்கும். எங்க தாத்தா பேப்பரில் புரியாத வார்த்தையைத் தாண்டிப் போவது போல! 'உள்பட்டியலை மறைத்து வை' என்ற பழைய பாணி வரி புரிந்தது. 'மவுஸ் வந்தால் திற' என்ற புது பாணி வரி புரியவில்லை. பூட்டத் தெரிந்தது, திறக்கத் தெரியலை. அவ்வளவுதான்!

உங்களுக்குத் தெரியுமா? இந்த நோய் பழசு. 2001-ல் வந்த இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 6-க்கு, லிங்க் மேல் மவுஸ் வந்தால் தெரியும். பட்டியல் வரி மேல் வந்தால் தெரியாது. அதற்காகவே மெனு செய்தவர்கள் தனியாக ஜாவாஸ்கிரிப்ட் எழுதிச் சேர்த்தார்கள்.

அப்படியானால் சுலப வழியே வேண்டாமா? வேண்டும். மாமா சொன்ன மூன்று விதிகள்:

1. அலங்காரம் இல்லாவிட்டாலும் லிங்க் எல்லாம் பட்டியலாகத் தெரியணும்.

2. மறைக்கிற வரியும் திறக்கிற வரியும் ஒரே பாணியில் இருக்கணும். புரிந்தால் இரண்டும் புரியும். புரியாவிட்டால் எல்லாம் திறந்தே கிடக்கும், நஷ்டம் இல்லை.

3. 'சேர்க்கை' என்ற சொல்லே ஒரு லிங்க் ஆக இருக்கணும். அழுத்தினால் முழுப் பட்டியலும் உள்ள பக்கம் வரணும். செல்போனில் மவுஸ் கிடையாதே!

அக்காவுக்கு இடம் கிடைத்துவிட்டது. பெரியம்மாவுக்கு ஒரு நாள் கூலி போனது. பிரவுசிங் சென்டர் தெரியாதவர்கள் என்ன செய்வார்கள்? நம்மில் யாராவது நாளைக்கு வெப்சைட் செய்தால், முதலில் ஒரு பழைய லேப்டாப்பில் திறந்து பாருங்கள்.



— ஒன்பதாம் வகுப்பு மாணவி