டபுள் பாஸின் தந்தி உயரமும் பருவக்காற்றும்

மேற்கத்திய இசைக்குழுவின் அடித்தளச் சுரங்களைத் தரும் பெரிய வில் வாத்தியமான டபுள் பாஸில், நான்கு தந்திகளையும் தாங்கும் மரத்துண்டான குதிரை, ஒட்டப்படாமல் தந்திகளின் அழுத்தத்தாலேயே மேற்பலகைமீது நிற்பதால், அப்பலகை ஈரத்தில் உப்பும்போது குதிரையோடு தந்திகளும் உயர்ந்து, விரல்கள் அழுத்தும் விரற்பலகையைவிட்டு விலகுகின்றன. கடற்காற்று தாமதமாக எட்டும் அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பகுதிகளில், மேல்காற்று வீசும் கத்திரி வெயிலில் தாழும் தந்தி, ஐப்பசி அடைமழையில் உயரும்.

எஃகுத் தந்திகளாயின், விரற்பலகையின் கீழ்முனையில் மெல்லிய ஜி தந்திக்கு 5 முதல் 6 மில்லிமீட்டரும், அகலமாக அதிரும் தடித்த ஈ தந்திக்கு 8 முதல் 10 மில்லிமீட்டரும் இடைவெளி இருப்பது பலருக்கும் பொருந்தும். மிகத் தாழ்ந்தால் தந்தி பலகையில் மோதி இரையும், மிக உயர்ந்தால் விரல் நோகும். தம்புராவில் அத்தகைய இரைச்சலையே, குதிரைமீது ஜீவாளி என்னும் நூலை நகர்த்தி விரும்பிப் பெறுகின்றனர் என்பது வியப்புக்குரியது.

குதிரையின் கால்களில் திருகுச் சக்கரங்கள் பொருத்தினால் பருவத்துக்கேற்ப உயரத்தை மாற்றலாம். தந்திகளைச் சற்றே தளர்த்திய பின்பே திருக வேண்டும், ஆனால் எல்லாவற்றையும் முழுதும் தளர்த்தினால், உள்ளே ஒட்டாமல் நிற்கும் ஒலித்தண்டு சாய்ந்துவிடக்கூடும். மழைக்காலத்தில் சீவிக் குறைத்த குதிரை கோடையில் போதாமற்போகும் என்பதால், இரு பருவங்களிலும் உயரத்தை அளந்து குறித்துக்கொள்ளாமல் எவரும் குதிரையில் உளியை வைக்க வேண்டாம்.