ஃபிரெஞ்ச் பிரஸ் வாங்கிட்டீங்களா? முதல்ல காபித்தூளை மாத்துங்க!

சிறுசேரி சிப்காட்டில் வேலை, திருப்போரூரிலோ கேளம்பாக்கத்திலோ வீடு, வாரத்தில் சில நாள் வொர்க் ஃப்ரம் ஹோம். இப்படி ஓ.எம்.ஆர். பக்கம் குடியிருக்கும் பலரின் சமையல் மேடையில் பித்தளை ஃபில்டருக்குப் பக்கத்தில் ஒரு கண்ணாடிக் குடுவையும் வந்து உட்கார்ந்துவிட்டது. அதுதான் ஃபிரெஞ்ச் பிரஸ். ஆசையாக வாங்கி, வீட்டில் இருக்கும் ஃபில்டர் தூளையே அதில் போட்டு, ‘என்னப்பா இது, ஒரே கசப்பு, அடியில வண்டல் வேற’ என்று பரணில் ஏற்றிவிடுபவர்களும் உண்டு. பெரும்பாலும் குறை குடுவையில் இல்லை, தூளில்தான்.

ஃபில்டருக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்?

நம் ஃபில்டரில் தூள் மேல் அடுக்கில் இறுக்கமாக இருக்கும். வெந்நீர் அதன் வழியே சொட்டுச் சொட்டாக இறங்கி, கெட்டியான டிகாஷனாகும். அதில் பாலைச் சேர்த்துதான் குடிக்கிறோம். ஃபிரெஞ்ச் பிரஸ்ஸில் தூளும் வெந்நீரும் ஒன்றாகவே ஊறும். நான்கு நிமிடம் கழித்து, கம்பி வலை பொருத்திய தட்டை மேலிருந்து அழுத்தித் தூளை அடியில் ஒதுக்குகிறோம். கிடைப்பது டிகாஷன் அல்ல, அப்படியே குடிக்கும் பிளாக் காபி.

பேர்தான் ஃபிரெஞ்ச். இந்த யோசனைக்கு 1852-லேயே பிரான்ஸில் காப்புரிமை வாங்கியிருந்தாலும், இன்று நாம் பார்க்கும் வடிவத்துக்கு நெருக்கமான கருவிக்கு 1929-ல் காப்புரிமை பெற்றவர்கள் இத்தாலியர்கள்.

எந்தத் தூள் வாங்கணும்?

ஃபில்டர் தூள் நைசாக அரைத்தது. ஃபிரெஞ்ச் பிரஸ்ஸின் வலைக்கண் வழியே அது நழுவிக் கோப்பைக்கு வந்துவிடும். மீதி வலையை அடைத்துக்கொள்ளும். அதோடு, தூள் நைசாக இருக்க இருக்க, ஊறும்போது கசப்பும் கூடுதலாக இறங்கும்.

சிக்கரி இன்னொரு சிக்கல். இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணைய விதிப்படி, காபி-சிக்கரி கலவையில் காபி குறைந்தது 51 சதவீதம் இருந்தால் போதும். எவ்வளவு சிக்கரி என்பதை பாக்கெட்டில் அச்சிட வேண்டும். கெட்டி டிகாஷனுக்கும் பாலுக்கும் சிக்கரி பொருந்தும். பால் இல்லாத காபியில் அதன் கசப்பு தனியாகத் துருத்தும்.

வறுத்து அரைத்துக் கொடுக்கும் காபிக் கடையில் இப்படிக் கேளுங்கள்: “பியூர் காபி, சிக்கரி வேண்டாம். ரவை மாதிரி கொரகொரப்பா அரைச்சுக் கொடுங்க.” பீபெரி, பிளாண்டேஷன் ஏ இரண்டுமே நன்றாக இருக்கும். ஏற்காடு, வால்பாறை, நீலகிரி, குடகு, சிக்கமகளூர் என எந்த மலைக் கொட்டை பிடிக்கிறது என்று 100 கிராம் வீதம் வாங்கிப் பாருங்கள்.

வீட்டில் அரைப்பதானால் கையால் சுற்றும் கிரைண்டர் நல்லது. மிக்ஸிதான் இருக்கிறதா? விட்டு விட்டு ஓட்டி, மாவு சல்லடையில் சலியுங்கள். மேலே நிற்பது பிரஸ்ஸுக்கு, கீழே விழும் நைஸ் தூள் ஃபில்டருக்கு. கடலோரக் காற்றில் ஈரம் அதிகம் என்பதால், அரைத்த தூளைக் காற்றுப் புகாத டப்பாவில் வைத்து, இரண்டு வாரத்துக்குள் தீர்த்துவிடுங்கள்.

எந்த அளவு பிரஸ்?

‘3 கப்’ என்று போட்டிருப்பதை மூன்று பேருக்கு என்று நினைத்துவிட வேண்டாம். இவர்கள் கணக்கில் ஒரு கப் என்பது சுமார் 120 மி.லி. அதாவது 350 மி.லி. குடுவை ஒருவருக்கு ஒரு பெரிய மக் அளவுதான் வரும். இரண்டு பேர் என்றால் 600 மி.லி. வாங்குங்கள்.

கண்ணாடி என்றால் சூடு தாங்கும் போரோசிலிகேட் கண்ணாடியா என்று பாருங்கள். அதையும் அடுப்பில் வைக்கக் கூடாது. கைதவறி உடையும் வீடு என்றால் இரட்டைச் சுவர் எவர்சில்வர் பிரஸ் எடுக்கலாம். சூடும் நிற்கும். விலை சில நூறு ரூபாயிலிருந்து சில ஆயிரம் வரை போகிறது. விலையைவிட, வலைத்தட்டு குடுவையின் சுவரோடு இடைவெளி இல்லாமல் பொருந்துகிறதா என்பதே முக்கியம்.

போடுவது எப்படி?

1. குடுவையில் கொஞ்சம் வெந்நீர் ஊற்றி அலசிக் கொட்டுங்கள். குடுவை சூடாகிவிடும்.

2. 300 மி.லி. தண்ணீருக்கு 20 கிராம் தூள். தலைதட்டிய நான்கு டேபிள்ஸ்பூன் வரும்.

3. தண்ணீர் கொதித்ததும் அரை நிமிடம் ஆறவிடுங்கள். கேன் தண்ணீரோ ஆர்.ஓ. தண்ணீரோ போதும். உப்புக் கரிக்கும் போர் தண்ணீர் வேண்டாம்.

4. தூள் நனையும் அளவுக்கு முதலில் கொஞ்சம் ஊற்றுங்கள். நுரைத்து எழும். அரை நிமிடம் கழித்து மீதியை ஊற்றி, ஒருமுறை கிளறி மூடுங்கள்.

5. மொத்தம் நான்கு நிமிடம் ஆனதும் மெதுவாக, நேராக அழுத்துங்கள்.

6. உடனே எல்லாவற்றையும் கோப்பைக்கோ பிளாஸ்க்குக்கோ மாற்றிவிடுங்கள். குடுவையிலேயே விட்டால் ஊறி ஊறிக் கசக்கும்.

ஒரு எச்சரிக்கை: அழுத்தும்போது இறுக்கமாக இருந்தால் பலத்தைக் காட்டாதீர்கள். தட்டைச் சற்று மேலே தூக்கி மறுபடி அழுத்துங்கள். முரட்டுத்தனமாக அழுத்தினால் கொதிக்கும் காபி கையில் பீய்ச்சி அடிக்கலாம், கண்ணாடியும் உடையலாம்.

பால் காபி போட முடியாதா?

முடியும். ஆனால் கும்பகோணம் டிகிரி காபியை எதிர்பார்க்காதீர்கள். அதே தூளுக்கு 150 மி.லி. தண்ணீர் மட்டும் ஊற்றி, நன்கு காய்ச்சிய பாலைக் குறைவாகச் சேர்த்தால் ஓரளவு கெட்டியாக வரும். காலி பிரஸ்ஸில் சூடான பாலைக் கால் பங்கு ஊற்றி, தட்டை மேலும் கீழும் அசைத்தால் நுரையும் கிடைக்கும்.

கொலஸ்ட்ரால் உள்ளவர்கள் கவனிக்க

காபிக் கொட்டையின் எண்ணெயில் கஃபெஸ்டால், கவியோல் என்ற இரண்டு பொருட்கள் உள்ளன. இவை எல்.டி.எல். எனும் கெட்ட கொலஸ்ட்ராலை உயர்த்தக்கூடியவை என்று 1990-களில் நெதர்லாந்து ஆய்வாளர்கள் விளக்கினார்கள். காகித வடிகட்டி இவற்றின் பெரும்பகுதியைப் பிடித்துக்கொள்ளும். பிரஸ்ஸின் கம்பி வலை பிடிக்காது. அந்த எண்ணெய்தான் இந்தக் காபியின் கனமான சுவைக்கும் ஒரு காரணம்.

எப்போதாவது ஒரு மக் குடிப்பவர்கள் பயப்படத் தேவையில்லை. வீட்டிலிருந்து வேலை பார்க்கும் நாளில் ‘மீட்டிங்குக்கு ஒரு மக்’ என்று நான்கைந்து உள்ளே போகிறதா? ஆபீஸ் ஹெல்த் செக்கப் ரிப்போர்ட்டில் எல்.டி.எல். எவ்வளவு என்று ஒருமுறை பாருங்கள். அதிகமாக இருந்தால், பிரஸ்ஸில் போட்ட காபியைக் காகித வடிகட்டியில் ஊற்றிக் குடிக்கலாம். டாக்டரிடமும் இதைச் சொல்லுங்கள். கர்ப்பிணிகள் எவ்வளவு காபி குடிக்கலாம் என்பதையும் டாக்டரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

கழுவுவதில் சோம்பல் வேண்டாம்

வலைத்தட்டு மறையைத் திருகிக் கழற்றும்படி இருக்கும். ஒவ்வொரு முறையும் அலசி, வாரம் ஒருமுறையாவது பிரித்து சோப்பு போட்டுத் தேயுங்கள். வலையில் தங்கும் எண்ணெய் சிக்கு வாடை அடித்து அடுத்த காபியைக் கெடுக்கும். சக்கையை சிங்க்கில் கொட்டினால் குழாய் அடைக்கும். மாடித்தோட்ட உரக்குழியில் போடுங்கள்.

அப்போ வாங்கலாமா?

பால், சர்க்கரையைக் குறைத்து பிளாக் காபிக்கு மாற நினைப்பவர்கள் தாராளமாக வாங்கலாம். கரன்ட் வேண்டாம், பெரிய பழக்கமும் வேண்டாம். காலையில் நுரை பொங்கும் டபரா காபி இல்லாமல் பொழுது விடியாது என்பவர்களுக்கு இது ஃபில்டரின் இடத்தைப் பிடிக்காது. அவர்கள் அந்தக் காசில் நல்ல கொட்டையாக வாங்கி, ஃபில்டரிலேயே போட்டுக் குடிக்கலாம்.