முதல் போடுமுன் கேட்க வேண்டியவை

ஒரு தொழிலில் முதல் போடுவோர் அதன் கட்டிடங்களையும் இயந்திரங்களையும் மட்டும் கண்டு மதிப்பிடுதல் போதாது. போட்டியாளரையும் அறிதல் வேண்டும். இதற்கு நமது நீலகிரியிலேயே ஓர் உதாரணம் உண்டு.

உதகையில் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் என்னும் அரசாங்க நிறுவனம் 1960-இல் பதிவு செய்யப்பெற்று, 1967-இல் உற்பத்தியைத் தொடங்கிற்று. பிலிம் செய்யத் தூசியற்ற குளிர்ந்த காற்று வேண்டும். இம்மலையில் அது கிடைத்தது. ‘இந்து’ என்ற பெயருடன் அதன் பிலிம்கள் நாடெங்கும் சென்றன.

இறக்குமதிக்குக் கட்டுப்பாடு இருந்தவரை வியாபாரம் நடந்தது. பின்னர் எக்ஸ்ரே பிலிமுக்கெனப் பெருங்கடனில் புதிய ஆலை எழுந்தது. 1991-க்குப் பின் இறக்குமதி எளிதாகவே, அயல்நாட்டுப் பிலிம்கள் போட்டிக்கு வந்தன. கடனுக்கு வட்டியோ வளர்ந்தது. அடுத்து, பிலிமே வேண்டாத டிஜிட்டல் கேமரா பரவிற்று. உலகப் பெருநிறுவனமாகிய கோடாக்கும் 2012-இல் திவால் மனு அளித்தது. உதகை ஆலையை மூட 2014-இல் மத்திய அரசு இசைந்தது.

அதே பண்டத்தைச் செய்பவன் ஒரு போட்டியாளன். அப்பண்டத்தையே வேண்டாததாக்குபவன் மற்றொருவன். பின்னவனே அதிக அபாயமானவன்.

ஆகவே, கூட்டுறவுத் தேயிலை ஆலைக்கோ நெசவாளர் சங்கத்துக்கோ கடனில் இயந்திரம் வாங்கத் தீர்மானம் வருமாயின், அங்கத்தினர் மூன்று கேள்விகள் கேட்க வேண்டும். அரசின் பாதுகாப்பு நீங்கினாலும் நம் விலை நிற்குமா? கடன் தீரும்வரை இப்பண்டத்துக்குத் தேவை இருக்குமா? விற்பனை குறைந்தால் வட்டியை எதிலிருந்து கட்டுவோம்? கேட்கத் தயங்கலாகாது, முதல் நம்முடையது.